யோகா வகுப்பு தொடங்குமுன் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை



இந்த முறை நம் பாடப் பகுதியில் தேவாரம் இல்லை, விரத மகிமை இல்லை. லைசென்ஸ், படிக்கட்டு, இனிப்பு நீர், விளம்பரப் பதாகை இவற்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். "இதெல்லாம் ஒரு பாடமா?" என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். பாகான் டாலாமில் நாங்கள் யோகா வகுப்பு தொடங்கப் போய், தொடங்காமல் நின்று, பிறகு யோசித்துத் தொடங்கிய கதையும் இதற்குள் இருக்கிறது.

நம் வட்டாரத்தில் ஒரு கடைவீட்டின் முதல் மாடி வாடகைக்கு வந்தது. நல்ல காற்றோட்டம், சிமெண்டுத் தரை, மாத வாடகையும் குறைவு. சொந்தக்காரர் நமக்குத் தெரிந்தவர். எனக்கு ஒரே குஷி. பாய் வாங்க விலை விசாரித்துவிட்டேன், பதாகைக்கு வாசகம்கூட எழுதிவிட்டேன். செயலவைக் கூட்டம் முடிந்த மறுநாள், மோட்டார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு மூன்று வருடமாகச் சக்கர நாற்காலியில் இருக்கும் நம் தம்பி ஒருவரின் அம்மா என்னைக் கேட்டார்: "தம்பி, அவனும் வரணும்னு சொல்றான். மேல எப்படி ஏறுறது?"

"அதுக்கென்ன ஆண்டி, நாங்க நாலு பேர் இருக்கோம். தூக்கிட்டுப் போயிடுறோம்" என்றேன். பெரிய உதவி செய்கிற நினைப்பு எனக்கு.

அந்தத் தம்பி பக்கத்தில்தான் இருந்தான். "நான் அரிசி மூட்டை இல்லண்ணே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னான். அதுதான் ரெண்டு நாள் தூங்கவிடவில்லை.

அதற்குப் பிறகுதான் சட்டம் என்ன சொல்கிறது, மற்ற இடங்களில் எப்படிச் செய்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். தேடத் தேடப் படிக்கட்டு மட்டும் பிரச்சினை இல்லை என்று தெரிந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தப்பு செய்யத் தயாராக இருந்தேன்.

முதலில், நாம் யார்?

யோகா வகுப்பு நடத்துவது மூன்று வகை. சங்கம் தன் உறுப்பினர்களுக்காக நடத்தலாம். தனி ஆள் கட்டணம் வாங்கித் தொழிலாக நடத்தலாம். அல்லது ஒருவர் இடம் கொடுக்க, இன்னொருவர் வந்து சொல்லிக் கொடுத்து வருமானத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் பெரும்பாலும் மூன்றையும் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். சங்கத்தின் பெயரில் அறிவிப்பு வரும், பணம் ஆசிரியரின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போகும், ரசீது இருக்காது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும், நாளைக்கு ஒரு பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது.

தொழிலாக நடத்தினால் வணிகப் பதிவுச் சட்டம் 1956-இன்படி, தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.-இல் பதிய வேண்டும். ஐசியில் உள்ள சொந்தப் பெயரில் பதிந்தால் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். வகுப்புக்கு ஒரு ஆளிடம் வாங்கும் மாதக் கட்டணத்தைவிடக் குறைவான தொகை இது. இதைச் செய்யாமல் விடுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

சங்கம் நடத்துவதாக இருந்தால், சங்கங்களின் பதிவிலாகாவில் நாம் கொடுத்திருக்கும் அமைப்புச் சட்டத்தை எடுத்துப் படியுங்கள். நோக்கங்களில் உடல்நலம், கல்வி, சமய வளர்ச்சி என்று எதன் கீழ் இந்த வகுப்பு வருகிறது என்று பாருங்கள். வரவு செலவு சங்கக் கணக்கில் வரவேண்டும். ஆசிரியருக்குக் கொடுக்கும் சன்மானமும் அதில் வரவேண்டும்.

மாநகர் மன்றத்தின் கதவு

நம் வாசகர்களில் பாதிப் பேர் தீவில் இருக்கிறார்கள், பாதிப் பேர் இந்தப் பக்கம். ஜார்ஜ்டவுனில் நடத்தினால் பினாங்கு மாநகர் மன்றம். பெர்ரி ஏறி பட்டர்வொர்த் வந்துவிட்டால், பாகான் டாலாம் உட்பட எல்லாமே செபராங் பிறை மாநகர் மன்றம். தீவில் இருக்கும் நண்பர் "எனக்கு இப்படித்தான் கொடுத்தாங்க" என்று சொல்வதை வைத்து இங்கே முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு மன்றத்துக்கும் தனித் துணைச்சட்டங்கள், தனிப் பாரங்கள்.

அடிப்படை ஒன்றுதான்: ஊராட்சிச் சட்டம் 1976, பிரிவு 107. லைசென்ஸ் கொடுக்கவும் நிபந்தனை போடவும் மன்றத்துக்கு அதிகாரம் கொடுப்பது அந்தப் பிரிவு. கொடுத்த லைசென்ஸைக் காரணம் சொல்லாமலே திரும்ப எடுத்துக்கொள்ளவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சிதான். அதனால்தான், கடன் வாங்கிக் கண்ணாடி மாட்டி மரத்தரை போட்ட பிறகு லைசென்ஸுக்கு ஓடுவது தலைகீழ் வேலை. சிரசாசனத்தை வகுப்பில் வைத்துக்கொள்வோம், இதில் வேண்டாம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த முகவரியை எடுத்துக்கொண்டு லைசென்ஸ் கவுண்டரில் போய்க் கேளுங்கள். "இந்தக் கட்டடத்துக்கு என்ன பயன்பாடு அனுமதிக்கப்பட்டிருக்கிறது? உடற்பயிற்சி வகுப்பு நடத்தலாமா?" குடியிருப்புக்கு என்று அனுமதி பெற்ற தாமான் வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருபது பேரைக் கூட்டித் தொழிலாக நடத்துவது வேறு விஷயம், கடைவீட்டில் நடத்துவது வேறு விஷயம். அக்கம்பக்கத்தார் வண்டி நிறுத்த இடம் இல்லாமல் புகார் கொடுத்தால் முதலில் வந்து நிற்பது மன்றத்து ஆள்தான்.

பெயர்ப்பலகைக்கும் தனியாக அனுமதி வேண்டும். தமிழில் எழுதலாம், அழகாகவே எழுதலாம். ஆனால் மலாய் மொழி இருக்க வேண்டும், அது முன்னால் தெரிய வேண்டும்.

தீயணைப்பைப் பற்றி: தீயணைப்பான் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அதன் காலாவதி ஒட்டியைப் பாருங்கள். இன்னொன்று, நம் ஆட்கள் திருட்டுக்குப் பயந்து பின்வாசல் இரும்புக் கதவைப் பூட்டி, சாவியை எங்கேயோ வைத்துவிடுவார்கள். கண்ணை மூடிச் சவாசனத்தில் இருபது பேர் படுத்திருக்கும்போது அந்தச் சாவி யார் பையில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். போம்பா கேட்பதற்கு முன் நாமே நம்மைக் கேட்க வேண்டிய கேள்வி இது.

பாட்டைப் பற்றியும் ஒரு வரி. ஒலிப்பதிவு செய்த இசையைப் பொது இடத்தில் போட்டால் காப்புரிமைச் சட்டம் 1987 குறுக்கே வரும். பக்திப் பாடல் என்பதால் விலக்கு கிடையாது. எங்கள் வகுப்பில் பாட்டே போடுவதில்லை. மூச்சுச் சத்தம் கேட்டால் போதும் என்று விட்டுவிட்டோம்.

அந்தப் படிக்கட்டு

இனி நான் தூங்காமல் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன்.

மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008, சட்டம் 685 என்று சொல்வார்கள். பிரிவு 26, பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் வசதிகளையும் சேவைகளையும் கட்டடங்களையும் பயன்படுத்த மாற்றுத்திறனாளிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. பிரிவு 32, பொழுதுபோக்கிலும் விளையாட்டிலும் மற்றவர்களுக்குச் சமமாகக் கலந்துகொள்ளும் உரிமையைச் சொல்கிறது. யோகா வகுப்பு இந்த இரண்டுக்குள்ளும் வரும் என்றுதான் நான் நினைக்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய ஐக்கிய நாட்டு ஒப்பந்தத்தை மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆனால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். இந்தச் சட்டத்தில் உரிமை எழுதியிருக்கிறது, மீறினால் இன்ன தண்டனை என்று எழுதவில்லை. மாடியில் வகுப்பு நடத்தியதற்காக யாரும் வந்து எனக்கு அபராதம் போட்டிருக்க மாட்டார்கள். நான் அந்தக் கடைவீட்டை எடுத்திருந்தால் சட்டம் என்னைத் தடுத்திருக்காது. "நான் மூட்டை இல்லண்ணே" என்ற வார்த்தைதான் தடுத்தது.

கட்டடத் துணைச்சட்டங்களில் 34ஏ என்று ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உள்ளே வரவும் வெளியே போகவும் உள்ளே நடமாடவும் வசதி செய்ய வேண்டும் என்பது அது. எப்படிச் செய்வது என்பதற்கு எம்.எஸ். 1184 என்ற மலேசியத் தரநிலை இருக்கிறது. அதிலிருந்து ஒரே ஒரு கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சாய்தளத்துக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஒரு அடி உயரம் ஏற வேண்டுமானால் சாய்தளம் பன்னிரண்டு அடி நீளம் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நம் கடைவீடுகளைப் பாருங்கள். தரைத்தளமாக இருந்தாலும் ஐந்தடிப் பாதையிலிருந்து கடைக்குள் ஒரு படி, சாலையிலிருந்து ஐந்தடிப் பாதைக்கு ரெண்டு படி, நடுவில் சாக்கடை. ஒரு படி 15 செண்டிமீட்டர் என்றால் அதற்கு மட்டும் 1.8 மீட்டர் சாய்தளம். மூன்று படிக்கு 5.4 மீட்டர். அவ்வளவு நீளத்தை ஐந்தடிப் பாதையில் போட்டால் நடந்து போகிறவர்களுக்கு வழி இருக்காது, அது பொது வழி. "ஒரு பலகையைச் சாய்த்து வைச்சா போதாதா?" என்று கேட்பார்கள். ஒரு மீட்டர் பலகையில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், அது பின்னால் சாயும். மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே பாடம் என்னவென்றால், இடத்தை எடுத்துவிட்டு வசதி செய்யப் பார்க்காமல், வசதி செய்யக்கூடிய இடத்தைத் தேடுங்கள். நாங்கள் கடைவீட்டை விட்டுவிட்டு ஒரு கோயில் மண்டபத்தைக் கேட்டோம். தரைமட்டம், அகலக் கதவு, வாசலில் ஒரே ஒரு படி. அளந்தால் 18 செண்டிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 216. நம் உறுப்பினர்களில் தச்சு வேலை தெரிந்த அண்ணன் ஒருவர் ரெண்டேகால் மீட்டரில் பலகைச் சாய்தளம் செய்து, மேலே மணல் கலந்த பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். வகுப்பு முடிந்ததும் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். இப்போது கோயிலுக்கு வரும் பாட்டிமார்கள் "அதை எடுக்காதீங்கப்பா, அங்கேயே இருக்கட்டும்" என்கிறார்கள்.

சாய்தளம் போட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்தத் தம்பியோடு உட்கார்ந்து பேசியபோதுதான் நான் கனவிலும் நினைக்காத விஷயங்கள் வந்தன. அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மெல்லிய பாயில் அரைமணி நேரம் படுத்தால் தோல் அழுந்திப் புண்ணாகும், அவனுக்கு வலியே தெரியாது. தடித்த மெத்தை வேண்டும், இடையிடையே நிலை மாற்ற வேண்டும். எந்தப் பயிற்சி செய்யலாம் என்று அவன் மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்டிடமும் கேட்டு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை, தோள், மூச்சுப் பயிற்சி. இது ஏதோ புதுசாகக் கண்டுபிடித்த யோகா இல்லை. புனேயில் பி.கே.எஸ். ஐயங்கார் நாற்காலி, கட்டை, பட்டை, கயிறு எல்லாவற்றையும் வைத்து உடம்புக்கு ஏற்ற மாதிரி ஆசனத்தை மாற்றிக் காட்டியவர். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் சென்னையில் கடைசிவரை வலியுறுத்தியதும், ஆளுக்குத் தகுந்தபடி யோகா என்பதைத்தான். அவர் பெயரில் மகன் தேசிகாச்சார் 1976இல் தொடங்கிய யோக மந்திரம் இன்றும் சென்னையில் இருக்கிறது.

கண் தெரியாதவர் வந்தால் "இதோ இப்படி" என்று காட்டுவதில் பயனில்லை. "வலது உள்ளங்கையை இடது முழங்கால் மேல் வையுங்கள்" என்று வாயால் சொல்லத் தெரிய வேண்டும். காது கேளாதவர் வந்தால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும், விளக்கை அணைத்துவிட்டு ரம்மியமாக நடத்தக் கூடாது. 1926இல் மலாக்காவில் தொடங்கிய செயிண்ட் நிக்கலஸ் இல்லம் இப்போது ஜார்ஜ்டவுனில் பார்வையற்றோருக்காக இயங்குகிறது. காது கேளாதோருக்கான பள்ளி தஞ்சோங் பூங்காவில் 1954இல் வந்தது. நம் மாநிலத்தில் இந்த அனுபவம் நிறைய இருக்கிறது, போய்க் கேட்டால் சொல்லிக் கொடுப்பார்கள்.

கேட்காமல் செய்ய வைத்த தப்பு

இது என் சொந்தத் தப்பு. சில வருடங்களுக்கு முன் ஒரு முகாமில் காலை ஆறரை மணிக்கு யோகா நடத்தினேன். "வெறும் வயிற்றோட வாங்க" என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. முதல் வரிசையில் இருந்த ஒரு அக்கா அரைமணி நேரத்தில் வியர்த்து, கை நடுங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். இனிப்பு நீருக்கு இன்சுலின் போடுகிறவர். காலையில் ஊசி போட்டுவிட்டுப் பசியாறாமல் வந்திருக்கிறார், நான் சொன்னேன் என்பதற்காக. சமையல் கட்டிலிருந்து யாரோ சீனித் தண்ணீர் கொண்டு வந்ததால் தப்பித்தோம். அவரிடம் நான் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை.

2023ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வு நம் நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பதாகச் சொல்கிறது. ஆறு பேருக்கு ஒருவர். முந்திய 2019 ஆய்வில் இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அப்படியென்றால் நம் வகுப்பில் இருபது பேர் பாய் விரித்தால் அதில் மூன்று நான்கு பேருக்காவது இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் நடத்த வேண்டும்.

கண் அழுத்த நோய் இன்னொன்று. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனம் செய்யும்போது கண்ணுக்குள் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். கிளகோமா இருப்பவருக்கு இது விளையாட்டு இல்லை. இரத்த அழுத்தம், இதயக் கோளாறு, கர்ப்பம், அண்மையில் அறுவை சிகிச்சை, எலும்புத் தேய்வு, கழுத்து வலி என்று ஒவ்வொன்றுக்கும் தவிர்க்க வேண்டிய ஆசனம் இருக்கிறது. ஆகவே முதல் நாளே ஒரு கேள்வித்தாள். கனடாவில் உருவாகி உலகம் முழுதும் பயன்படும் பார்-கியூ என்ற கேள்வித்தாள் ஒரு நல்ல மாதிரி. அதைத் தமிழிலும் மலாயிலும் எளிமையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "ஆம்" என்று ஒன்றுக்கு விடை வந்தாலும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கிளினிக்கில் கேட்டு வந்தவரைச் சந்தோஷமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில் எப்போதும் குளுக்கோஸ் அல்லது சீனி இருக்கட்டும். நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐ அழையுங்கள். செயலவையில் ரெண்டு பேராவது சி.பி.ஆர். கற்றிருக்க வேண்டும். செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ், மலேசிய செம்பிறைச் சங்கம் ரெண்டிலும் பயிற்சி நடக்கிறது. ஒரு சனிக்கிழமை போதும்.

அந்தக் கேள்வித்தாள் நிரப்பிய பிறகு அது எங்கே போகிறது? இங்கேயும் ஒரு சட்டம் உண்டு. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் உடல்நலத் தகவல் "உணர்வுமிக்க தகவல்" என்ற வகையில் வருகிறது. வணிக நோக்கில் நடத்துகிறவர் அதை வாங்கினால் வெளிப்படையான சம்மதம் வேண்டும். எதற்காக வாங்குகிறோம் என்ற எழுத்து அறிவிப்பு மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும். சங்கம் இலவசமாக நடத்தினாலும் நாகரிகம் அதேதான். நிரப்பிய பாரத்தைப் படம் எடுத்து வாட்சாப் குழுவில் "பாருங்க இவங்களுக்கு பிரஷர் இருக்கு" என்று போடுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கல்யாணம் பேசும் வயதில் உள்ள ஒரு பெண்ணின் நோய் விவரம் ஊர் முழுக்கப் போனால் அதை எப்படித் திரும்பப் பெறுவீர்கள்?

பலர் நம்புகிற ஒரு கேடயம் இருக்கிறது: "ஏதும் நடந்தால் நாங்கள் பொறுப்பல்ல" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவது. கட்டணம் வாங்கும் வகுப்புக்கு அது பெரிய கேடயம் இல்லை. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999-இல், நியாயமற்ற ஒப்பந்த விதிகள் என்ற பகுதி 2010இல் சேர்க்கப்பட்டது. போதிய காரணம் இல்லாமல் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் விதி நியாயமற்றது என்கிறது அது. ஆறு மாதக் கட்டணத்தை முன்கூட்டி வாங்கிவிட்டு, இடையில் விலகுகிறவரிடம் "பணம் திரும்பாது" என்று முழுதையும் பிடித்துக்கொள்வதும் அதே சட்டத்தில் இடிக்கும். ஐந்து வெள்ளி கட்டிப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் யாரும் உங்கள் மேல் மனு போடலாம், 50,000 வெள்ளி வரை.

2024 ஜூன் 1 முதல் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 1994 ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்துவிட்டது. முதலாளியும் சுயதொழில் செய்பவரும் தன் வேலையாட்களை மட்டுமல்ல, அங்கே வந்துபோகும் மற்றவர்களையும் ஆபத்தில்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் இருக்கிறது.

பதாகையில் எழுதக் கூடாதது

நான் எழுதி வைத்திருந்த வாசகம் இது: "இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, குழந்தையின்மை அனைத்துக்கும் யோகாவில் தீர்வு!" அச்சுக்குக் கொடுக்கவில்லை, நல்லவேளை.

மருந்து விளம்பரம் விற்பனைச் சட்டம் 1956 என்று ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் இருபது நோய்களும் குறைபாடுகளும் உண்டு: இதயநோய், சிறுநீரக நோய், இனிப்பு நீர், புற்றுநோய், ஆஸ்துமா, இரத்த அழுத்தம், வலிப்பு, வாதம், மனநோய், குழந்தையின்மை என்று போகும். இவற்றைக் குணப்படுத்துகிறோம் என்று பொருளை விளம்பரம் செய்வது குற்றம். நோயைக் குணப்படுத்தும் திறமையோ சேவையோ இருக்கிறது என்று அனுமதியின்றி விளம்பரம் செய்வதையும் சட்டம் தடுக்கிறது. என் ஒரே வரியில் அட்டவணையிலிருந்து நான்கு நோய்கள்! முகநூலில் போட்டாலும் விளம்பரம் விளம்பரம்தான்.

இன்னும் ஒரு நுணுக்கம். பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் 2016-இன் கீழ் அங்கீகரிக்கப்பட்ட துறைகளில் பாரம்பரிய இந்திய மருத்துவம் ஒன்று. ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றோடு யோகா, இயற்கை மருத்துவமும் அதில் அடங்கும். அதாவது நோய்க்குச் சிகிச்சையாக யோகா கொடுப்பவர் மருத்துவம் செய்கிறார், அவருக்குத் தகுதியும் பதிவும் வேண்டும். நாம் உடற்பயிற்சியாகவும் சாதனையாகவும் சொல்லிக் கொடுக்கிறோம். ரெண்டும் வேறு. நம் ஆசிரியர் யாரிடமும் "மாத்திரையை நிறுத்திடுங்க" என்று சொல்லவே கூடாது. இதில் நான் கறாராக இருக்கிறேன். யோகாவின் பெருமையைக் குறைக்கிறேன் என்று சிலருக்கு வருத்தம். பத்தமடையில் 1887இல் பிறந்த குப்புசாமி 1913இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனையிலும் பிறகு ஜொகூரிலுமாகப் பத்து வருடம் நம் பாட்டன் முப்பாட்டன்களுக்கு மருந்து கொடுத்தவர். 1923இல் இங்கிருந்து கிளம்பிப் போய்த்தான் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தர் ஆனார். ஆசிரமம் கண்ட பிறகும் அவர் மருந்துப் பெட்டியைத் தூக்கி எறியவில்லை, அங்கே மருத்துவமனையையும் சேர்த்தே வளர்த்தார்.

பிள்ளைகளும் தொடுதலும்

18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் வந்தால் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும், பெரியவர்கள் ரெண்டு பேர் எப்போதும் இருக்க வேண்டும். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இன்படி, அப்படி ஒன்று நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம், 5,000 வெள்ளி வரை அபராதம். "சங்கத்தின் பெயர் கெட்டுவிடும், நமக்குள்ள பேசித் தீர்த்துக்குவோம்" என்று எந்தத் தலைவர் சொன்னாலும் கேட்காதீர்கள். பெரியவர்களானாலும் சரி, ஆசனத்தைத் திருத்தத் தொடுவதற்கு முன் "தொடலாமா?" என்று கேட்க வேண்டும். "வேண்டாம்" என்றால் வாயால் சொல்லித் திருத்துங்கள். குருவுக்கு மரியாதை என்பதற்காக நம் தங்கைகள் பேசாமல் இருந்துவிடுவார்கள், அதனால்தான் நாம் முதலில் கேட்க வேண்டும்.

மலாய் நண்பர் வந்தால்

இது நம் நாட்டுக்கே உரிய கேள்வி. 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாட்டு அம்சமும் சேர்ந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. சில நாட்களில், மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று அன்றைய பிரதமர் அப்துல்லா அகமது படாவி விளக்கம் கொடுத்தார். அந்த ஃபத்வா நமக்கானது அல்ல, நாம் யோகா செய்வதை அது தடுக்கவில்லை. அதே சமயம் அரசியலமைப்பின் 11ஆவது விதி நம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைக் கொடுக்கும்போதே, முஸ்லிம்களிடையே வேறு சமயக் கோட்பாட்டைப் பரப்புவதைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

செயலவையில் ரெண்டு கருத்து இருந்தது. ஓங்காரத்தையே எடுத்துவிட்டு எல்லாருக்கும் பொதுவாக நடத்தலாம் என்றார் ஒருவர். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நம் கோயில் மண்டபத்தில் நம் பிள்ளைகளுக்கு நடத்தும் வகுப்பில் ஓங்காரத்தை ஏன் ஒளிக்க வேண்டும்? ஆனால் அறிவிப்பிலேயே "வகுப்பு ஓங்காரத்தோடு தொடங்கி, சாந்தி மந்திரத்தோடு முடியும்" என்று தெளிவாக எழுதிவிட்டோம். யார் வந்தாலும் தெரிந்துகொண்டு வரட்டும். கேட்டு வரும் நண்பரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், முடிவு அவருடையது.

இப்போது எங்கள் வகுப்பு நடக்கிறது. சனிக்கிழமை மாலை, பசியாறியோ தேநீர் குடித்தோ வரலாம் என்று சொல்லியிருக்கிறோம். அந்தத் தம்பி முதல் நாள் அரைமணி நேரம் முன்னாலேயே வந்து, சாய்தளத்தில் தானே ஏறி இறங்கி ரெண்டு தடவை பார்த்தான். பிறகு மடியிலிருந்து அளவுநாடாவை எடுத்து நீட்டினான்.

"அண்ணே, இது சரியா இருக்கு. கழிவறைக் கதவை அளந்தீங்களா?"

அளக்கவில்லை. அளந்தால் 65 செண்டிமீட்டர், அவனுடைய நாற்காலி 66. தச்சர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறோம், அடுத்த வாரம் கதவுநிலையைப் பெயர்க்கிறார்.